வெறும் வண்டியின் உயரம்

அக்டோபர் 1, செவ்வாய்

காலையில் மனைவி இராசாமணியின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். தண்ணீர் மோட்டார் மறுபடியும் காற்றை இழுக்கிறது. வாஷர் போயிருக்கலாம், நிச்சயமாகத் தெரியவில்லை.

பத்து மணிக்கு நாச்சிமுத்து தொலைபேசியில் அழைத்தார். அவர் எங்கள் மலைநல அறக்கட்டளையின் தலைவர், நூற்பாலை நடத்துகிறவர். நான் செயலாளர். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் என்னிடம் வந்த பொறுப்பு இது. அறக்கட்டளைக்கு அந்தியூரில் ஒரு சிறிய மருத்துவமனையும், நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றும் இருக்கின்றன. மலையூர்களுக்குப் பேருந்து பாதி வழிதான் போகும். அதற்கு மேலே நோயாளிகளையும் பிரசவத்துக்கு இருக்கிறவர்களையும் கீழே கொண்டுவருவது இந்த வண்டிதான். ஓட்டுநர் ஜடையன், எலஞ்சிமேடு என்னும் மலையூர்க்காரன். ஆறு வருடமாக ஓட்டுகிறான். அவசரம் மேலேதான் வரும் என்பதால் வண்டியும் அவன் ஊரிலேயே நிற்கும்.

இப்போது வண்டி பராமரிப்புக்காகப் பட்டறையில் இருக்கிறது.

"புரொபசரே, நம்ம வண்டில ஸ்பிரிங் ஒரே அளவு இல்லையாமா" என்றார் நாச்சிமுத்து. "வலதுபக்கம் ஒரு தினுசு, இடதுபக்கம் ஒரு தினுசு. பட்டறைக்காரன் சொல்றான். எவனோ நல்லதைக் கழட்டி வித்துப்போட்டு எதையோ மாட்டியிருக்கான்."

எவனோ என்றுதான் சொன்னார்.

"நீங்க பிசிக்ஸ் சொல்லிக் குடுத்தவரு. போய் அளந்து எழுத்துல குடுங்க. நீங்க எழுதிட்டா கமிட்டில ஒருத்தன் வாயைத் தொறக்க மாட்டான்."

சரி என்றேன். அவரிடம் வேறு எதுவும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இராசாமணி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஏனுங்க, காலேஜ்ல முப்பது வருசம் ஸ்பிரிங்கைத் தொங்க விட்டுப் பசங்க உசுரை வாங்குனீங்க. இப்ப அதுவே உங்களைத் தேடி வருதாக்கும்."

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜயந்தி. பட்டறை விடுமுறை. இரும்பு அளவுகோலையும் ரசமட்டத்தையும் எடுத்துத் துடைத்து வைத்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

பட்டறையின் சிமெண்டுத் தரை சமமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இருந்தது. பிறகு வண்டியில் இருந்த பாரம் அனைத்தையும் இறக்கச் சொன்னேன். ஆய்வுக்கூடத்தில் நான் மாணவர்களிடம் வற்புறுத்திய முதல் விதி அது: பளு இல்லாத நிலையில் எடுக்கும் அளவே அடிப்படை அளவு. ஸ்ட்ரெச்சர், ஆக்ஸிஜன் உருளை, உபரிச் சக்கரம், கருவிப் பெட்டி எல்லாம் இறங்கின. டீசலையும் வடிக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் செய்தார்.

எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைத்தவன் ஜடையன்தான். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளவா என்று ஏறி உட்கார்ந்தான். இறங்கச் சொன்னேன்.

"ஆள் இருந்தால் அளவு மாறிவிடும்."

"எறங்கிக்கிறனுங்க. நானும் ஒரு பாரந்தானுங்களே" என்று சிரித்தபடி குதித்தான்.

வெறும் வண்டி வலப்பக்கம் ஒரு கட்டைவிரல் அகலம் உயர்ந்து நின்றது. ஸ்பிரிங்குகளைக் கழற்றி நிறுத்தி வைத்துப் பார்த்தபோதும் அப்படியே. வலப்பக்கத்து இரண்டும் இடப்பக்கத்தவற்றைவிடக் கொஞ்சம் நீளம்.

"நீ எப்போதாவது கழற்றினாயா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. நான் வண்டிய எடுத்த நாள்லருந்து இப்படியேதானுங்க நிக்குது. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க."

பட்டறைக்காரர் காறித் துப்பிவிட்டு, "வண்டிக்கு ஒரு கால் நொண்டின்னாவது சொல்லேன்டா, நம்பலாம்" என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மாலையில் அறிக்கை எழுதினேன். மூன்று முறை அடித்துத் திருத்தி, கடைசியில் ஒரே வாக்கியம்: 'இரு பக்கத்து ஸ்பிரிங்குகளும் ஒரே அளவில் இல்லை.' யார் மாற்றியது, மாற்றப்பட்டதா என்பதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அது என் வேலை அல்ல. நான் அளந்ததைத்தான் எழுதினேன்.

அக்டோபர் 4, வெள்ளி

நாச்சிமுத்து என்னையும் எலஞ்சிமேட்டுக்கு அழைத்துப் போனார். தார்ச்சாலை முடியும் வரை அவருடைய கார். பிறகு நடை. எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கும்தான், ஆனால் அவர் பேசிக்கொண்டே வந்தார்.

ஊருக்கு நடுவில் ஒரு களம். அதன் ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல். அதன் அருகே நின்றுகொண்டு ஜடையனைக் கூப்பிட்டார். ஊரே வந்துவிட்டது.

"ஏன்டா ஜடையா, கம்பெனி ஸ்பிரிங்கை எந்தக் கடையில போட்ட?"

"நான் எடுக்கலீங்க."

"அப்பறம் அது தானா நடந்து போயிருச்சா? இந்தா, புரொபசரு அளந்து எழுதிக் குடுத்திருக்காரு. அவரைக் கேளு. ஆறு வருசம் நம்பி வண்டிய உட்டதுக்கு நல்ல வேலை செஞ்ச. திருட்டுப் பய."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். ஏதாவது சொன்னேனா என்று இப்போது யோசிக்கிறேன். "அளவு வேறுதான்" என்று சொன்னதாக நினைவு. சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

ஜடையன் வீட்டுக்குள் போய் வண்டியின் மாற்றுச் சாவியை எடுத்துவந்தான். நாச்சிமுத்து கை நீட்டினார். அவன் அதை அந்தக் கல்மேல் வைத்துவிட்டுப் போனான்.

திரும்பும்போது வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி வழியில் நின்றாள். பெயர் பொம்மி என்றாள். "எனக்கு இன்னும் ரெண்டு வாரத்துலீங்க. வண்டி வருமில்லீங்களா?"

வரும் என்றேன். வேறென்ன சொல்வது.

அக்டோபர் 6, ஞாயிறு

மேகம். காயவைத்த புளியை எடுத்து உள்ளே வைத்தோம்.

அக்டோபர் 8, செவ்வாய்

புதிய ஸ்பிரிங்குகள் மாட்டிவிட்டார்கள். நான்கு சக்கரத்துக்கும் பழைய இடப்பக்கத்து அளவிலேயே. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். வெறும் வண்டியை நிறுத்தி முன்மூடியின்மேல் ரசமட்டத்தைக் குறுக்காக வைத்தேன். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு வேலை ஒழுங்காக முடிந்தால் வரும் மகிழ்ச்சி. நாச்சிமுத்து தோளில் தட்டினார்.

கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைச் சாக்கில் கட்டி மருத்துவமனையின் பின்னறையில் போட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மருத்துவமனை வாசலில் வண்டிக்கு மாலை போட்டார்கள். புதிய ஓட்டுநர் குமரேசன் பூசணிக்காய் உடைத்தான். கீழ்நாட்டுக்காரன், லாரி ஓட்டியவன், மரியாதை தெரிந்தவன். மலைப்பாதை அவனுக்குப் புதிது.

செவிலியர் ஜெசிந்தா சுண்டல் கொண்டுவந்து கொடுத்தார். அவர்தான் ஒவ்வொரு முறையும் வண்டியோடு மேலே போகிறவர். "ஜடையண்ணன் இல்லாம வண்டி யாரு வண்டியோ மாதிரி இருக்குதுங்க சார்" என்றார். சுண்டலில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

அக்டோபர் 14, திங்கள்

மருந்துப் பட்டியல் சரிபார்க்க மருத்துவமனைக்குப் போனேன். வேலை முடிந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, டீசல் நிரப்பிக்கொண்டு வண்டி வந்து நின்றது. குமரேசன் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினான். அவன் ஏறியதும் வண்டி வலப்பக்கமாக அமுங்கியது. அமுங்கினால் அமுங்கட்டும், எந்த வண்டியும் அமுங்கும். ஆனால் பின்னால் இருந்த சுவரின் வெள்ளைக்கோட்டோடு வைத்துப் பார்த்தபோது வண்டியின் கூரை வலப்பக்கம் இறங்கியே நின்றது.

அவன் தலையை நீட்டி, "சார், இது வலதுபக்கமா சாயற மாதிரியே இருக்குது. வளைவுல ஒரு மாதிரி இழுக்குதுங்க. புது ஸ்பிரிங்கு, ஓடஓடப் பழகீரும்னு பட்டறைல சொன்னாங்க" என்றான்.

"அப்படியா" என்றேன்.

வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. நாச்சிமுத்துவிடம் சொல்லலாமா என்று தொலைபேசியை எடுத்தேன், வைத்தேன். கண்ணால் பார்த்தது அளவாகாது. ஒரே ஒரு முறை பார்த்ததை வைத்து எதையும் சொல்லிவிடக் கூடாது. நாளை ரசமட்டத்தோடு போய், ஆள் ஏற்றி, முறைப்படி பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

அக்டோபர் 15, செவ்வாய்

காலையிலிருந்து விடாத மழை. வெளியே போகவில்லை.

அக்டோபர் 16, புதன்

ஜெசிந்தா வந்துவிட்டுப் போனார். அவர் சொன்னபடி எழுதுகிறேன்.

நேற்று நண்பகலில் எலஞ்சிமேட்டிலிருந்து அழைப்பு. பொம்மிக்கு வலி. மழையில் வண்டி மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. அவரை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பள்ளம் வலப்பக்கம். வளைவுகளில் வண்டி பள்ளத்தின் பக்கமாகவே சாய்ந்ததாம். ஸ்ட்ரெச்சர் சரிந்து சரிந்து வந்ததில் ஜெசிந்தா அதைக் காலால் முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்கிறார். பாதி மலையில் குமரேசன் வண்டியை நிறுத்திவிட்டான். "சாயுதுக்கா. இதுக்கு மேல நான் எறக்கினா எல்லாருமே போயிருவோம்" என்று சொல்லி அழுதிருக்கிறான். அங்கே தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. பொம்மியின் கணவர் மாதன் மழையில் ஊருக்கு ஓடி ஆட்களைக் கூட்டிவந்திருக்கிறார். நீளக் கம்பில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டித் தூக்கினார்கள். ஜடையன் முன்கம்பைத் தோளில் வைத்துக் கடைசிவரை மாற்றாமல் வந்தாராம்.

பேருந்து நிற்கும் இடத்து நிழற்குடையில் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. அழவில்லை.

பொம்மி உயிரோடு இருக்கிறார். மருத்துவமனையில் படுக்கவைத்திருக்கிறார்கள்.

நான் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, நேரத்தோடு இங்கே வந்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அப்படியே சொன்னார்.

அக்டோபர் 17, வியாழன்

மோட்டாருக்கு வாஷர் மாற்றினேன். காற்று இழுப்பது நின்றது. ஏன் சாப்பிடவில்லை என்று இராசாமணி கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

அக்டோபர் 19, சனி

ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். மலையிலிருந்து இழுத்துவந்த வண்டி பின்பக்கம் நிற்கிறது. குமரேசனை உட்காரச் சொன்னேன். டீசல் ஏற்கெனவே இருந்தது. குமிழி இடது ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. வலப்பக்கம் நன்றாகவே தாழ்ந்திருந்தது. அவனை இறக்கிவிட்டுப் பார்த்தேன். ஏற்றிப் பார்த்தேன். அவன் ஒன்றும் கேட்காமல் ஏறி இறங்கினான்.

பின்னறைக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்தேன். பழைய ஸ்பிரிங்குகளை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தபோது, அழுக்குக்குக் கீழே பெயிண்டுக் கோடுகள் தெரிந்தன. இடப்பக்கத்தவற்றில் வெள்ளைக்கோடு. வலப்பக்கத்தவற்றில் மஞ்சள். நான்கிலும் ஒரே தொழிற்சாலையின் முத்திரை. அளந்த அன்று நான் அழுக்கைத் துடைத்துப் பார்க்கவில்லை. நீளம்தான் கேட்டார்கள், நீளத்தைத்தான் பார்த்தேன்.

என்னிடம் படித்த மங்கையர்க்கரசி ஒரு வாகனத் தொழிற்சாலையில் ஸ்பிரிங் வடிவமைக்கும் துறையில்தான் இருக்கிறாள். எண்ணைத் தேடி எடுத்துப் பேசினேன்.

"சார்! நீங்களா? யாரோ உங்க பேரைச் சொல்லி வெளையாடறாங்கன்னு நெனச்சேன். நீங்கதான் போனே பண்ண மாட்டீங்களே."

வண்டியின் விவரம் சொன்னேன். யாருடையது என்று சொல்லவில்லை.

"அது தப்பே இல்லீங்க சார். அப்படித்தான் வரும். நம்ம ஊர் வண்டியில டிரைவர் எப்பவும் வலதுபக்கம். அந்த வண்டியில டீசல் டாங்கும் வலதுபக்கம், ஸ்டியரிங் பெட்டியும் அந்தப் பக்கம். இடதுபக்கம் ஆள் இருந்தா இருப்பாங்க, இல்லாட்டி இல்லை. வலதுபக்கப் பாரம் மட்டும் என்னிக்கும் இருக்கறது. அதனால அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கைக் கொஞ்சம் நீளமா, கொஞ்சம் விறைப்பாப் போடுவாங்க. மாத்தி மாட்டிரக் கூடாதுன்னு பெயிண்டுல கோடும் இழுத்திருப்பாங்க."

"எல்லா வண்டியிலுமா?"

"இல்லீங்க சார். நிறைய வண்டியில ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா காட்டுப்பாதைக்குன்னு உயரமா, ஸ்பிரிங்கு நல்லா ஏறி எறங்கற மாதிரி செய்யற வண்டிகள்ல, ஒரு பக்கத்துப் பாரம் சட்டுனு தெரியும். அதுக்காகத்தான் இந்த வேலை. டிரைவர் ஏறி, டீசல் போட்டா வண்டி நேரா வந்துரும்."

"வெறுமையாக நிற்கும்போது?"

"வெறுமையா நின்னா வலதுபக்கம் தூக்கிட்டுத்தான் நிக்கும். ஆளில்லாம அது எங்க போகப் போகுது?" என்று சிரித்தாள். "ஏன் சார், யாராவது காலி வண்டிய அளந்தாங்களா?"

"ஒருவர் அளந்தார்" என்றேன்.

அக்டோபர் 21, திங்கள்

நாச்சிமுத்துவிடம் சொன்னேன். ஆலை அலுவலகத்தில், கதவைச் சாத்திக்கொண்டு. நான் பேசி முடிக்கும் வரை அவர் குறுக்கிடவில்லை. இத்தனை வருடத்தில் இதுவே முதல் தடவை. பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. மலைக்கு மருத்துவமனை வேண்டுமென்று கிளம்பியவர் அவர்தான். நாங்களெல்லாம் பிறகு வந்தவர்கள்.

"சரி, பழசையே மாட்டச் சொல்லுங்க. ஜடையனை வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்புங்க. ஆனா புரொபசரே, இதைக் கூட்டத்துல பேச வேண்டாம். எழுத்துல வேண்டாம். அந்தக் கொழந்தை விசயத்தோட இதைக் கொண்டுபோய் ஒட்ட வெச்சாங்கன்னா ஆஸ்பத்திரியையே மூடற மாதிரி ஆயிரும். யாருக்கு நட்டம்? அந்த மலைச் சனத்துக்குத்தானே?"

அவர் சொன்னதிலும் பொருள் இருந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 23, புதன்

ஜெசிந்தா மேலே போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஜடையன் வர மறுத்துவிட்டார்.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். களத்தில் வைத்து ஒருவர்மேல் பழி சொல்லிவிட்டால், அந்தப் பழி தீரும் வரை அவர் ஊரோடு களத்தில் சமமாக உட்கார மாட்டார். யாரும் அவரைத் தடுப்பதில்லை; அவராகவே விலகி நிற்பார். பழியைச் சொன்னவர் அதே இடத்துக்கு வந்து, எல்லோர் முன்னாலும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். "கல்லுக்கிட்ட சொன்னதைக் கடுதாசில எடுக்க முடியாதுக்கா. அது வரைக்கும் சாவியத் தொட மாட்டேன்" என்றாராம்.

நாச்சிமுத்துவிடம் தெரிவித்தேன். "நான் போய் அவன் முன்னாடி கையக் கட்டிக்கிட்டு நிக்கோணுமா? வேற டிரைவரைப் பாருங்க" என்றார். குமரேசன் நின்றுவிட்டான். மலைப்பாதை என்றதும் கேட்டவர்கள் எல்லோரும் மறுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் மேலே இரண்டு பிரசவங்கள் இருப்பதாக ஜெசிந்தா சொல்கிறார்.

இராசாமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தபடி இருந்தாள். "அப்ப நீங்க போங்க" என்றாள்.

"திருடன் என்று நான் சொல்லவில்லையே. அவர்தானே சொன்னார்."

"நீங்க ஒண்ணுமே சொல்லலைங்கறீங்க. அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள்.

அக்டோபர் 26, சனி

நாச்சிமுத்துவுக்குத் தெரிவிக்காமல் போனேன். பேருந்தில் நின்றுகொண்டே பயணம். இறங்கும் இடத்து நிழற்குடையைப் பார்க்காமல் நடந்தேன் என்று எழுதினால் அது பொய். பார்த்தேன்.

விளக்கப் படம் ஒன்று வரைந்து எடுத்துப் போயிருந்தேன். ஓட்டுநர், டீசல் டாங்கு, ஸ்பிரிங்குகள், அம்புக்குறிகள். வழியெல்லாம் மனத்துக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஊர்ப் பெரியவர் கேத்தன் எல்லோரையும் களத்துக்குக் கூப்பிட்டார். வரிசையாக உட்கார்ந்தார்கள். ஜடையன் களத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் நின்றார். நான் படத்தை விரித்து, "டீசல் டாங்கு வலப்பக்கம் இருப்பதால்" என்று தொடங்கினேன்.

"சாமி, டாங்கு எங்கயோ இருக்கட்டும்" என்றார் கேத்தன். "அவன் எடுத்தானா, எடுக்கலீங்களா?"

"எடுக்கவில்லை."

"அங்க போய் நின்னு சொல்லுங்க. அன்னிக்கு அந்தக் கல்லுக்கிட்டதான நின்னீங்க?"

கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "ஜடையன் எதையும் எடுக்கவில்லை. அந்த ஸ்பிரிங்குகள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தன" என்றேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். பிறகு, எதற்கென்று தெரியவில்லை, "அன்று அந்த வார்த்தையைச் சொன்னது நான் இல்லை என்றாலும்" என்று சேர்த்தேன்.

"கூட நின்னு சும்மா இருந்ததும் சொன்ன கணக்குத்தானுங்க" என்றார் கேத்தன். கோபமில்லாமல்தான் சொன்னார்.

ஜடையன் மரத்தடியிலிருந்து வந்தார். வரிசையில் இருவர் நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்தார். யாரோ ஒரு கிழவர், "ஏன்டா, மரத்தடியில நின்னு நின்னு வேரு உட்டிருப்பியே" என்றார். சிரிப்பு எழுந்தது. ஜடையனும் சிரித்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

நான் காகிதத்தை மடித்தேன். வந்த வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்ப வண்டி எதுக்குங்க நின்னுச்சு?"

பொம்மி. களத்தின் ஓரத்தில் மாதனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டார் என்று எனக்குத் தெரியாது. மெலிந்திருந்தார். கேள்வியில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மழை என்று சொல்லியிருக்கலாம். ஓட்டுநர் புதியவன் என்று சொல்லியிருக்கலாம். கொடி சுற்றியிருந்ததைப் பற்றி மருத்துவர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். எல்லாமே உண்மைதான். எல்லாமே வாய்வரை வந்தன.

"வண்டியை நான் தவறாக அளந்தேன்" என்றேன். "அதை வைத்து ஸ்பிரிங்கை மாற்றினார்கள். அதனால்தான் சாய்ந்தது. குமரேசன் பயந்ததில் தப்பில்லை."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சொல்லி முடிக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அது சாய்வதை முந்தின நாளே பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை."

"ஏனுங்க?"

"தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது."

மாதன் எழுந்து கொஞ்ச தூரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கேத்தன் தரையைப் பார்த்தார். நான் கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு பொம்மி சொன்னார்: "அடுத்த மாசம் என் தங்கச்சிக்குங்க. வண்டி வாரப்ப நீங்களும் உள்ள உக்காந்து வாங்க."

"வருகிறேன்" என்றேன்.

அவர் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

பேருந்து வரை ஜடையன் கூட வந்தார். பாதி வழி வந்தாயிற்று. பிறகு, "அதைச் சொல்லச் சொல்லி உங்களை யாரும் கேக்கலீங்களே" என்றார்.

"அந்த அம்மா கேட்டாங்களே."

அவர் தலையை ஆட்டினார். திங்கட்கிழமை பட்டறைக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்.

அக்டோபர் 29, செவ்வாய்

பழைய ஸ்பிரிங்குகள் அவற்றின் இடத்துக்குத் திரும்பிவிட்டன. நாச்சிமுத்து அழைத்தார். மலையில் நான் பேசியது அவர் காதுக்குப் போய்விட்டது. நெடுநேரம் கத்தினார். பிறகு, "இனிமேல் நீங்க செயலாளரா இருக்கறது சரிப்படாதுங்க" என்றார். சரி என்றேன். ஜடையனைப் பற்றிக் கேட்டேன். "அவன் ஓட்டட்டும்" என்றார். தொலைபேசியை வைக்கும் முன் சற்று நின்று, "அந்தப் பொண்ணு எப்படி இருக்குது?" என்று கேட்டார். மெலிந்திருக்கிறார் என்றேன்.

நவம்பர் 4, திங்கள்

மருத்துவமனைச் சாவிகளை ஒப்படைத்தேன். ஜெசிந்தா தேநீர் கொடுத்தார். பொம்மியின் தங்கை பெயர் மாதி, தேதி நெருங்கிவிட்டது என்றார். எலஞ்சிமேட்டிலிருந்து இறங்குவதற்கு முன் வண்டி கீழே வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவது முடியாத காரியம். அதனால் பதினைந்தாம் தேதியிலிருந்து நான் மேலேயே தங்கிவிடலாமா என்று கேட்டேன். அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் ஓர் அறை இருக்கிறதாம்.

நவம்பர் 19, செவ்வாய்

மருத்துவமனை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது.

விடிந்ததும் மாதிக்கு வலி கண்டது. இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். முன்னால் ஜடையன். பின்னால் ஸ்ட்ரெச்சரில் மாதி, தலைமாட்டில் ஜெசிந்தா, ஒரு பக்கம் பொம்மி, எதிர்ப்பக்கம் நான். தூறல் இருந்தது. முதல் வளைவிலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. ஜன்னல் வழியே பள்ளம் தெரிந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மூடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மாதி பிடிக்கக் கை தேடினாள். ஒரு கை அக்காவிடம் போயிற்று. இன்னொரு கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அவள் பிடித்த இடம் இப்போதும் சிவந்திருக்கிறது.

வண்டி ஆடியது, குலுங்கியது, ஆனால் ஒரு பக்கமாகச் சாயவில்லை. ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்திலேயே இருந்தது. பொம்மி வழியெல்லாம் அதன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். நிழற்குடையைத் தாண்டும்போது மட்டும் தலையைத் தூக்கினார். என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் பேச்சுக் கொடுக்கவும் இல்லை.

இங்கே வந்ததும் மாதியை உள்ளே கொண்டுபோனார்கள். பொம்மி பின்னாலேயே ஓடினார். நான் இறங்கப் பார்த்தேன்; நெடுநேரம் மடங்கியிருந்த கால் மரத்துப்போய்த் தரை எட்டவில்லை. வாசற்படி வரை போன பொம்மி திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து எறங்குங்க" என்றார்.